வெளியுறவு முடிவுகளில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் போகலாம்? கச்சத்தீவு முதல் இஸ்ரேல் ஆயுத வழக்கு வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சத்தீவு பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் “சுப்ரீம் கோர்ட்டில் கேஸ் போட்டு மீட்க வேண்டியதுதானே” என்பார். இன்னொருவர் “கோர்ட்டுக்கு அதில் என்ன வேலை” என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்காக இந்தக் கேள்வி-பதில்.

வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடும் அதிகாரம் இந்தியாவில் யாருக்கு?

மத்திய அரசுக்கு மட்டும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் முதல் பட்டியலை எடுத்தால் வெளியுறவு, தூதரகங்கள், ஐ.நா., ஒப்பந்தங்கள், போரும் அமைதியும் என்று 10 முதல் 15 வரையிலான இனங்கள் வரிசையாக நிற்கும். எல்லாமே ஒன்றியப் பட்டியல். பிரிவு 73-இன்படி, நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடிய விஷயங்களிலெல்லாம் மத்திய அமைச்சரவை நிர்வாக முடிவும் எடுக்கலாம். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. அமெரிக்காவில் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். இங்கே அந்தக் கட்டம் இல்லை. பல ஒப்பந்தங்களைப் பற்றி நம் எம்.பி.க்களே பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அப்படியானால் நீதிமன்றம் இதில் தலையிடவே கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

இல்லை. வெளியுறவுக் கொள்கையை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு பிரிவும் சொல்லவில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் பிரிவு 32-இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கும், பிரிவு 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் யாரும் போகலாம். தலையிடாமல் இருப்பது நீதிபதிகள் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதனால்தான் அது எல்லா வழக்கிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு வழக்கில் “இது அரசின் வேலை” என்று ஒதுங்குவார்கள். இன்னொன்றில் வெளிநாட்டுத் தூதரையே ஊரை விட்டுப் போகக் கூடாது என்பார்கள். அந்தக் கதை கீழே வருகிறது.

இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்தச் சொன்ன வழக்கு என்ன ஆனது?

தள்ளுபடி ஆனது. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு அந்த உத்தரவைப் போட்டது. முன்னாள் அரசு அதிகாரிகள் உள்ளிட்ட 11 பேர் தொடுத்த பொதுநல வழக்கு அது. காசா போர் நடக்கும்போது இந்திய நிறுவனங்கள் இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றுமதி செய்ய உரிமம் கொடுப்பது சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது, கொடுத்த உரிமங்களை ரத்து செய்ய வேண்டும், புதியவை தரக் கூடாது என்று கேட்டார்கள்.

நீதிமன்றம் சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். மனுவில் கேட்டதைத் தர வேண்டுமானால், இஸ்ரேல் தவறு செய்தது என்று முதலில் முடிவுக்கு வர வேண்டும். இஸ்ரேல் ஓர் இறையாண்மை நாடு. இந்திய நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வராது. அடுத்தது, ஏற்கனவே ஒப்பந்தம் போட்ட நிறுவனங்களை நடுவில் நிறுத்தச் சொன்னால் அவர்கள் மீது நஷ்டஈட்டு வழக்கு வரும். அந்த விளைவுகளை எடைபோடும் வசதி நீதிமன்றத்திடம் இல்லை. மூன்றாவது, தடை விதிக்கத்தான் வேண்டும் என்று அரசு நினைத்தால் அதற்கு 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வணிகச் சட்டத்திலும் சுங்கச் சட்டத்திலும் அதிகாரம் இருக்கிறது.

மனுதாரர்களின் தார்மீகக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனு எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால், வேறு முடிவு வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, அரசு நாட்டின் ஒரு துண்டையே இன்னொரு நாட்டுக்குக் கொடுத்தால்? அப்போதுமா ஒதுங்கும்?

அப்போது ஒதுங்காது. இதற்கு மூல வழக்கு பெருபாரி. மேற்கு வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் சுமார் 8.75 சதுர மைல் அளவுள்ள பகுதி அது. 1947-இல் இந்தியா-பாகிஸ்தான் எல்லையை வகுத்த ராட்கிளிஃப் கோடு போட்டபோது எழுத்தில் ஒன்றும் வரைபடத்தில் வேறொன்றுமாக இருக்க, பாகிஸ்தான் 1952-இல் உரிமை கோரியது. 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்தார்கள். மேற்கு வங்காளம் கொதித்தது. குடியரசுத் தலைவர் பிரிவு 143-இன் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

“நாங்கள் எதையும் கொடுக்கவில்லை, எல்லை எங்கே என்று தெளிவுபடுத்தினோம், அவ்வளவுதான்” என்றது மத்திய அரசு. நீதிமன்றம் ஏற்கவில்லை. இது நிலத்தை விட்டுக்கொடுப்பதுதான், பிரிவு 3-இன் கீழ் சாதாரணச் சட்டம் போட்டாலும் செல்லாது, பிரிவு 368-இன் கீழ் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தித்தான் செய்ய முடியும் என்று 1960 மார்ச்சில் கருத்துச் சொன்னது. அந்த ஆண்டு இறுதியிலேயே ஒன்பதாவது திருத்தம் வந்தது.

கொடுப்பது நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரு எடுத்த முடிவுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று மட்டும் சொன்னது. இந்தியாவில் வெளியுறவு விஷயத்தில் நீதிமன்றத்தின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. கூடுதலாக ஒரு வேடிக்கை: திருத்தம் எல்லாம் வந்தும் பெருபாரி கடைசிவரை பாகிஸ்தானுக்குப் போகவே இல்லை.

ஆனால் கட்ச் பாலைவனத்தில் கொடுத்தார்களே, அதற்குத் திருத்தம் வந்ததா?

வரவில்லை. 1965 மோதலுக்குப் பிறகு குஜராத்-பாகிஸ்தான் எல்லையில் உள்ள கட்ச் ரண் பற்றிய தகராறு மூன்று பேர் கொண்ட சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 1968 பிப்ரவரி 19-இல் வந்த தீர்ப்பில், பாகிஸ்தான் கேட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்தது. பெருபாரியைக் காட்டி, திருத்தம் இல்லாமல் ஒரு பிடி மண்ணையும் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மகன்பாய் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதுதான். 1969 ஜனவரியில் தீர்ப்பு: எல்லை எது என்பதிலேயே தகராறு இருந்து, அதைத் தீர்த்துக்கொண்டால் அது விட்டுக்கொடுப்பது ஆகாது, அரசு தன் நிர்வாக அதிகாரத்திலேயே செய்யலாம்.

ஆக இரண்டு பெட்டிகள். ‘நம் நிலத்தைக் கொடுத்தல்’ என்ற பெட்டியில் விழுந்தால் அரசமைப்புத் திருத்தம். ‘எல்லைத் தகராறு தீர்த்தல்’ என்ற பெட்டியில் விழுந்தால் ஒரு கையெழுத்து. எந்தப் பெட்டி என்று முடிவு செய்வதில்தான் எல்லாமே இருக்கிறது.

கச்சத்தீவு எந்தப் பெட்டியில் விழுகிறது?

இதைத்தான் உச்ச நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை.

1974-ஐக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மே 16-ஆம் தேதி இந்திரா காந்தியும் வங்கதேசத்தின் முஜிபுர் ரகுமானும் ஓர் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆறு வாரம் கூட ஆகவில்லை, ஜூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் டெல்லியிலுமாக இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பாக் நீரிணைக் கடல் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரதமர் ஒருவர், ஆண்டும் ஒன்று. முதல் ஒப்பந்தத்துக்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தத் திருத்தம் நூறாவது திருத்தமாக 2015-இல்தான் நிறைவேறியது; 41 ஆண்டுகள். இந்தியப் பக்கத்திலிருந்து 111 துண்டு நிலங்கள் போயின, 51 வந்தன. போனவற்றில் ஒன்று வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியா. வெறும் சணல் வயல். அந்த வயலைக் கொடுக்கவும் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தினோம்.

இரண்டாவது ஒப்பந்தத்தில் 285 ஏக்கர் தீவு எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. அதற்குத் திருத்தமும் இல்லை, சட்டமும் இல்லை. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ஜூலையில் மக்களவையில் அறிக்கை வாசித்ததோடு சரி.

மத்திய அரசின் வாதம் எளிமையானது: கச்சத்தீவு யாருடையது என்பதே தகராறில் இருந்தது, எனவே இந்திய நிலம் எதுவும் தரப்படவில்லை, இது கட்ச் மாதிரி. எதிர்த்தரப்பின் வாதம்: தீவு ராமநாதபுரம் ஜமீனின் சொத்து, ஜமீன் ஒழிந்தபின் சென்னை மாகாணத்துடையது, எனவே இது பெருபாரி மாதிரி. 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். 2011-இல் அவர் முதல்வரானதும் தமிழக வருவாய்த் துறை அதில் சேர்ந்துகொண்டது. பின்னர் கருணாநிதியும் தனியாக மனு போட்டார். 2014 ஆகஸ்டில் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, ஒப்பந்தப்படி போன தீவைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் நீதிமன்றத்தில் சொன்னார். மனு போட்ட இருவருமே இன்று இல்லை. தீர்ப்பும் வரவில்லை.

என் கருத்தைக் கேட்டால், ஜமீன் கால ஆவணங்களைப் பார்க்கும்போது நம் பக்கத்து வாதத்தில் சரக்கு இருக்கிறது. ஆனால் இலங்கையிடமும் ஆவணங்கள் இருந்தன, பல பத்தாண்டுகளாக இரு அரசுகளும் அதைத் தகராறு என்றே பேசி வந்தன. அதுவே மத்திய அரசுக்குச் சாதகம்.

தமிழக மனு ஜெயித்துவிட்டால் தீவு திரும்ப வந்துவிடுமா?

வராது. ‘அரசமைப்புத் திருத்தம் இல்லாமல் போட்ட ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது’ என்று நீதிமன்றம் சொல்லலாம். அந்தத் தீர்ப்பு டெல்லியைக் கட்டுப்படுத்தும், கொழும்பைக் கட்டுப்படுத்தாது. தீவில் நிற்கும் இலங்கைக் கடற்படைச் சிப்பாய்க்கு நம் அமீனா நோட்டீஸ் கொடுக்க முடியாது. அப்புறம் மத்திய அரசுக்கு இரண்டு வழி: இலங்கையோடு மறுபடி பேசுவது, அல்லது நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து பழைய ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுப்பது. இரண்டாவது வழியைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை.

ஒப்பந்தத்திலேயே மீனவர் உரிமை இருக்கிறதாமே? அதையாவது நீதிமன்றம் நிலைநாட்டலாமே?

1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்கு இலங்கையின் விசாவோ பயண ஆவணமோ வேண்டியதில்லை என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டுக் கடலில் வழக்கமாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. மீன்பிடிப்பு என்ற சொல் இரண்டிலும் இல்லை. ‘மீனவர் வந்துபோகலாம் என்றால் எதற்கு வருவார்கள், மீன் பிடிக்கத்தானே’ என்பது நம் வாதம். ‘வலை உலர்த்த, ஓய்வெடுக்க, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வர’ என்பது அவர்கள் வாதம்.

1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அந்தச் சந்தேகத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தன: ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது. இரண்டு அதிகாரிகள் எழுதிக்கொண்ட கடிதம் அது. அப்போது நெருக்கடி நிலை, தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி ஜனவரி கடைசியில்தான் கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துத் தீர்மானம் போடச் சட்டமன்றமே இல்லாத நேரம்.

இந்த உரிமைகளை இந்திய நீதிமன்றத்தில் கேட்பதில் ஒரு சிக்கல்: பிடிப்பது இலங்கைக் கடற்படை, அடைப்பது இலங்கைச் சிறை, தண்டிப்பது இலங்கைச் சட்டம். இங்கே போடும் மனுவில் எதிர்மனுதாரராக நிறுத்த முடிவது மத்திய அரசை மட்டுமே. தூதரகம் மூலம் சட்ட உதவி செய்யுங்கள், பேச்சு நடத்துங்கள் என்று கேட்கலாம். பேச்சின் முடிவு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது.

இந்தியா கையெழுத்திட்ட சர்வதேச உடன்படிக்கை தானாகவே இங்கே சட்டமாகிவிடுமா?

ஆகாது. பிரிவு 253-இன் கீழ் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாகச் சொன்னார். ஆனால் அதே தீர்ப்பில், கடனைக் கட்ட வழியே இல்லாதவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கையின் விதியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பொருள் சொன்னார். முன்வாசல் பூட்டியிருந்தாலும் கொல்லைப்புறம் திறந்திருக்கிறது. 1997 விசாகா தீர்ப்பில் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விதிகள் அந்த வழியாகத்தான் வந்தன. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை நீதிமன்றம் துணைக்கு வைத்துக்கொண்டது.

நீதிமன்றம் எல்லை மீறிய சம்பவம் உண்டா?

என் கணக்கில் ஒன்று நிச்சயம் உண்டு. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலோரத்தில் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அவர்கள் போன படகின் பெயர் புனித அந்தோணி. கச்சத்தீவில் இருப்பதும் அதே அந்தோணியார்தான்.

2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சம்பவம் 12 கடல் மைலுக்கு அப்பால் நடந்ததால் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுதான் தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்றது. அடுத்த மாதம், இத்தாலியில் தேர்தலில் வாக்களிக்க நான்கு வாரம் ஊருக்குப் போகிறோம் என்று இரண்டு வீரர்களும் கேட்டார்கள். திரும்ப அனுப்புகிறோம் என்று இத்தாலியத் தூதர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார். போனவர்களை இனி அனுப்ப மாட்டோம் என்று மார்ச் 11-இல் இத்தாலி அறிவித்தது. மூன்றாம் நாள் உச்ச நீதிமன்றம், தூதர் அனுமதியின்றி இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவிட்டது.

கோபம் நியாயமானது. நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்கை ஒரு நாடு காற்றில் விட்டது. ஆனால் 1961 வியன்னா உடன்படிக்கைப்படி தூதரை எந்த வகையிலும் தடுத்து வைக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை, அவரை அனுப்பிய நாட்டுக்குத்தான் உண்டு, அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உறுதிமொழி கொடுத்ததாலேயே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்ற வாதம் பலவீனமானது. இதையே இன்னொரு நாடு நம் தூதருக்குச் செய்திருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? நல்ல வேளை, மார்ச் 22-இல் வீரர்கள் திரும்பினார்கள். கடைசியில் விவகாரம் சர்வதேச நடுவர் மன்றத்தில் முடிந்தது. இழப்பீடாக வந்த 10 கோடி ரூபாயை இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரிக்கச் சொல்லி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது.

அகதிகளைத் திருப்பி அனுப்புவது வெளியுறவுக் கொள்கையா, அடிப்படை உரிமையா?

இரண்டும்தான், அதனால்தான் இடிக்கிறது. சமத்துவ உரிமையும் உயிர்வாழும் உரிமையும் குடிமக்களுக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கும் யாருக்கும் உண்டு. 1996-இல் அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக வந்து குடியேறிய சக்மா மக்களை அடித்து விரட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மாநில அரசைக் கட்டுப்படுத்தியது. ஆனால் நாட்டில் தங்கி வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும். 2021 ஏப்ரலில் மியான்மரிலிருந்து வந்த ரோகிங்கியா அகதிகள் வழக்கில், சட்ட நடைமுறையைப் பின்பற்றி வெளியேற்றலாம் என்றார்கள். மியான்மரில் நடப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்ல மறுத்தார்கள். 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவில், உலகெங்கும் இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்று நீதிபதி திபாங்கர் தத்தா கேட்டது பெரிய செய்தியானது. அது விசாரணையின்போது வாய்மொழியாக வந்த கருத்து, சட்ட விதி அல்ல. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

அரசும் நாடாளுமன்றமும் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில் நீதிமன்றம் தலையிடாது என்பதற்கு அமெரிக்காவில் ‘அரசியல் கேள்வி’ என்று ஒரு கோட்பாடே உண்டு. 1978 டிசம்பரில் அதிபர் கார்ட்டர் தைவானுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது செனட்டர் கோல்டுவாட்டர் வழக்குப் போட்டார். 1979-இல் உச்ச நீதிமன்றம் உள்ளே போகாமலே திருப்பி அனுப்பியது. பிரிட்டனில் 2017 ஜனவரியில், நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பை அரசு கொடுக்க முடியாது என்று 8-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. விலகலாமா கூடாதா என்று பேசவில்லை, பெருபாரி பாணிதான்.

இலங்கையில் நடந்தது வேறு தினுசு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து 35 ஆண்டு தண்டனை பெற்ற ஒரு தமிழ்க் கைதி ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போய்ச் சாதகமான முடிவைப் பெற்றார். அதைக் காட்டி மறுஆய்வு கேட்டபோது, அந்தக் குழுவுக்கு மனு செய்ய வழிவிடும் நெறிமுறையில் 1997-இல் ஜனாதிபதி சந்திரிகா இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் வெளியுறவு நடவடிக்கையை நீதிமன்றம் துணிந்து ரத்து செய்தது. ஆனால் கதவு மூடப்பட்டது குடிமக்களுக்கு.

சட்டமன்றத் தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா?

இல்லை. கச்சத்தீவை மீட்கக் கோரி 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் உட்பட எதுவும் மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது. அரசியல் அழுத்தம் என்ற மதிப்பு உண்டு.

அப்படியானால் எந்த மாதிரி மனு நிற்கும்?

‘அந்த நாட்டோடு உறவை முறி’, ‘இந்த ஒப்பந்தத்தைப் போடாதே’ என்றால் முதல் நாளே தள்ளுபடி ஆகலாம். ‘இந்த முடிவுக்கு நாடாளுமன்றத்தின் சட்டம் தேவை, அது இல்லை’, ‘இந்த நபரை வெளியேற்றும் முன் நோட்டீஸ் தரவில்லை’, ‘இந்த உரிமத்தைக் கொடுத்த அதிகாரிக்கு அந்த அதிகாரமே இல்லை’ என்று கேட்டால் நீதிபதி குறைந்தது கோப்பைத் திறப்பார்.

ஆவணம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(அ), வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை என்கிறது; அதிகாரிகள் அதைத் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கச்சத்தீவு பற்றிய பழைய அரசு ஆவணங்கள் வெளியே வந்தது ஓர் ஆர்.டி.ஐ. மனுவால்தான். கேட்டவர் ஒரு கட்சித் தலைவர் என்பது வேறு விஷயம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்; வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.